டோட்டோ-சானைப் படித்தவர்கள் பார்க்காமல் விட்டவை

சென்னையில் கேட்டாலும் சரி, நாமக்கல் பக்கத்து வெண்ணந்தூரில் கேட்டாலும் சரி, புத்தகம் படிக்கும் பழக்கமுள்ள ஆசிரியருக்குத் தெரிந்த ஜப்பானியக் குழந்தை ஒன்றுதான்: டோட்டோ-சான். தெட்சுகோ குரோயனாகி தன் பள்ளி நாட்களை எழுதி 1981-ல் வெளியிட்ட அந்த நூலை நேஷனல் புக் டிரஸ்ட் தமிழுக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து கைமாறிக் கைமாறிப் படிக்கப்படுகிறது. படித்தவர்கள் சொல்லும் கருத்தும் ஏறக்குறைய ஒன்றேதான். ரயில் பெட்டியில் வகுப்பறை, ஒரு சின்னப் பெண் பேசுவதை நான்கு மணி நேரம் பொறுமையாகக் கேட்ட தலைமையாசிரியர் கோபயாஷி, 1945-ல் குண்டுவீச்சில் எரிந்துபோன தோமோயே பள்ளி. "இப்படி ஒரு பள்ளி நமக்குக் கிடைக்கவில்லையே" என்ற பெருமூச்சோடு பேச்சு முடியும்.

அந்தப் பேச்சில் ஒருவர் பெயர் பெரும்பாலும் வருவதே இல்லை. நூலின் ஓவியர் சிஹிரோ இவாசாகி.

இவாசாகி 1974-லேயே மறைந்துவிட்டார். டோட்டோ-சான் வந்தது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து. அதாவது, இந்தக் கதைக்காக அவர் ஒரு கோடுகூட இழுத்ததில்லை. அவர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து பொருத்தமானவற்றைத் தேடி எடுத்துத் தன் எழுத்தோடு சேர்த்தவர் குரோயனாகி. அப்படியிருந்தும், அந்தப் படங்களில் வரும் தொப்பிக்காரச் சிறுமி டோட்டோ-சான் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து மாதக் குழந்தைக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை மாதிரி எதுவும் வைத்துக்கொள்ளாமலே வரைந்து காட்டக்கூடியவர் என்று இவாசாகியைப் பற்றிச் சொல்வார்கள். ஈரத் தாளில் நீர்வண்ணத்தைத் தொட்டுவிட்டு, அது தானே கசிந்து பரவும்படி விடுவார். கன்னத்துக்கும் காற்றுக்கும் நடுவே பல இடங்களில் எல்லைக்கோடே இருக்காது. தாளில் பாதிக்கு மேல் வெற்றிடம்.

இந்த வெற்றிடத்தை, தறி ஓடும் வெண்ணந்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சேலையின் உடல் பகுதி வெறுமையாக இருந்தால்தான் கரையும் முந்தியும் எடுப்பாகத் தெரியும் என்பது தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜப்பானியப் படக்கதைகளின் சூட்சுமம் இந்த வெற்றிடத்தில்தான் தொடங்குகிறது. அங்கே படக்கதைப் புத்தகம் தனிக் கலையாக வளர்ந்ததற்கு ஒரு மாத இதழ் பெரிய காரணம். ஃபுகுயின்கான் பதிப்பகம் 1956-ல் தொடங்கிய 'கொடோமோ நோ தோமோ' இதழில் துணுக்கு, புதிர், தொடர்கதை என்று கலவையாக எதுவும் வராது. மாதம் ஒரு கதை, ஒரு ஓவியர். இதழ் முழுக்க அந்த ஒரு கதைதான். 'குரி', 'குரா' என்ற இரண்டு காட்டெலிகள் 1963-ல் அதில்தான் படக்கதையாக வந்தன. கதை ரியேகோ நகாகாவா, படம் அவருடைய தங்கை யூரிகோ.

நீலச்சட்டை எலியும் சிவப்புச்சட்டை எலியும் காட்டு வழியில் ஒரு ராட்சத முட்டையைக் காண்கின்றன. தூக்க முடியாது. அதனால் வாணலியையும் மாவையும் முட்டை கிடக்கும் இடத்துக்கே கொண்டுவந்து, அங்கேயே கேக் சுடுகின்றன. வாசனைக்குக் காட்டு விலங்குகள் எல்லாம் கூடிவிடுகின்றன. யாரும் விரட்டப்படுவதில்லை, எல்லோருக்கும் பங்கு உண்டு. கதை இவ்வளவுதான். கவனிக்க வேண்டியது கடைசித் திருப்பம். கேக் தீர்ந்த பிறகு மிஞ்சுவது முட்டை ஓடு. அதை வைத்து இரண்டும் என்ன செய்திருக்கும் என்று எழுத்து குழந்தையிடம் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது. விடை படத்தில் மட்டும் இருக்கிறது: முட்டை ஓடு காராகிவிட்டது, எலிகள் அதில் ஏறி வீட்டுக்குப் போகின்றன. அதற்கு ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. எழுத்து கேட்கிறது, படம் பதில் சொல்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை, படித்துக் காட்டும் பெரியவரை முந்திக்கொண்டு கத்துகிற இடம் இது. பகிர்ந்து உண்ண வேண்டும் என்ற நீதி வாக்கியம் எங்கும் இல்லை.

ஓவியர் சுயேகிச்சி அகாபாவின் 'சூஹோவின் வெள்ளைக் குதிரை' (1967) வேறு மாதிரி. மங்கோலியப் புல்வெளிக் கதை. வானத்தின் அகலத்தைக் காட்டுவதற்காகவே புத்தகத்தை நீளவாக்கில் அமைத்து, இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒரே அடிவானத்தை ஓடவிட்டார். இளமையில் மஞ்சூரியாவில் வாழ்ந்து அந்த நிலத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். 1980-ல் ஓவியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது அவருக்குக் கிடைத்தது. ஜப்பானிய ஓவியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

ஜப்பான் என்றதும் தமிழ் மேடைகளில் பேச்சு வேறு பக்கம் போகும். சுசுமு ஓனோவின் தமிழ்-ஜப்பானிய மொழி உறவுக் கொள்கை, சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த நொபொரு கராஷிமா. இருவருக்கும் உரிய மரியாதை உண்டுதான். ஆனால் ஓனோவின் சொல் பட்டியலைக் கைதட்டி வரவேற்ற அளவுக்கு, அந்த நாட்டுக் குழந்தை கையில் வைத்திருக்கும் புத்தகத்தை நாம் புரட்டிப் பார்த்ததில்லை.

படம் பார்க்கத் தெரியாதவர்களா தமிழ் வாசகர்கள்? இல்லவே இல்லை. 1947-ல் தொடங்கிய 'அம்புலிமாமா'வின் வேதாளக் கதைகளில் எத்தனை கதை இன்று நினைவிருக்கிறது என்று ஐம்பது வயதுக்காரர் யாரையும் கேட்டுப்பாருங்கள், தடுமாறுவார். தோளில் பிணம், கையில் உருவிய வாள் என்று சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை மட்டும் மறந்திருக்க மாட்டார். அதை வரைந்த ஓவியர் சங்கர் நம் கொங்கு நாட்டுக் காரத்தொழுவில் பிறந்தவர். கண் இருக்கிறது. பிள்ளைகள் புத்தகம் என்று வந்துவிட்டால் மட்டும், 'இதில் என்ன நீதி, எத்தனை புதுச் சொல்' என்று எடை போடும் பழக்கம் அந்தக் கண்ணை மறைக்கிறது.

எதிர்த் திசையில், இங்கிருந்து ஜப்பானுக்கு நடந்தது இன்னும் சுவையானது. சென்னையின் தாரா புக்ஸ் 2006-ல் வெளியிட்ட 'இரவில் மரங்களின் வாழ்க்கை' கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோரின் நூல். கைத்தாள் கறுப்பில் இருக்கும். சில்க் ஸ்கிரீன் முறையில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கையால் இழுத்து, காயவைத்து, அடுத்த நிறத்துக்குப் போக வேண்டும். தையலும் கைத்தையல். ஜப்பானில் தமுரா-தோ என்ற சிறு பதிப்பகம் 2012-ல் இதைத் தன் மொழியில் கொண்டுவந்தது. அச்சிட்டு அனுப்பியது சென்னைப் பட்டறை. ஒவ்வொரு அச்சுக்கும் அட்டைப் படம் மாறும், ஒவ்வொரு பிரதிக்கும் எண் உண்டு. அங்குள்ள வாசகர்கள் இந்த நூலைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மையின் வாசம், தாளின் சொரசொரப்பு, விரலில் தட்டுப்படும் நிறத்தின் மேடு என்று தொடங்குவார்கள். 2017 நவம்பரில் தோக்கியோவின் இதாபாஷி கலைக்கூடம் தாரா புக்ஸ் நூல்களுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. தமிழ்நாட்டுக் கைவேலையை அவர்கள் பார்த்த பார்வையில் கால்வாசியைக்கூட நாம் இவாசாகிக்குக் கொடுக்கவில்லை.

வெண்ணந்தூர் வட்டாரத்துக்கு உடனே ஒட்டக்கூடிய ஜப்பானிய வடிவம் ஒன்று உண்டு: கமிஷிபாய். 1930-களில் தோக்கியோ தெருக்களில் சைக்கிளில் வருவார் கதைக்காரர். இரண்டு மரக்கட்டைகளைத் தட்டி ஓசை எழுப்பிப் பிள்ளைகளைக் கூட்டுவார். மிட்டாய் விற்பார், கதைக்குக் கூலி அதுதான். சைக்கிளின் பின்னே சிறு மரச்சட்டம், அதற்குள் அட்டைப் படங்கள். முன் அட்டையை உருவிக் கடைசியில் செருகச் செருகக் கதை நகரும். உருவிய அட்டையின் முதுகு இப்போது கதைக்காரர் பக்கம் இருப்பதால், அடுத்த படத்துக்கான வசனம் அதில்தான் எழுதியிருக்கும். எனவே முதல் படத்தின் வசனம் கடைசி அட்டையின் பின்னால் இருக்கும். அட்டையை வெடுக்கென்று உருவினால் திகில். பாதி உருவி நிறுத்தினால் அடுத்து என்ன என்ற தவிப்பு. தொலைக்காட்சி வந்தபின் தெருவில் அது மங்கியது. பள்ளிகளிலும் நூலகங்களிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது.

தெருக்கூத்தும் பொம்மலாட்டமும் பழகிய சேலம், நாமக்கல் பக்கத்துக்கு இது அந்நியமே இல்லை. கதைக்கும் பஞ்சமில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துப் படமுள்ள சிறு நூல்களை வகுப்பறைக்கே அனுப்புகிறது. அந்த நூல்களில் ஒன்றை எடுத்துப் பன்னிரண்டு சார்ட் அட்டையில் பிள்ளைகளையே வரையவிட்டு, தச்சரிடம் ஒரு மரச்சட்டம் செய்து வாங்கினால், வெண்ணந்தூர்ப் பள்ளி ஒன்றுக்கு ஒரு கமிஷிபாய் தயார்.

அதற்கு முன் சின்ன வேலை ஒன்று. வீட்டிலோ ஊர் நூலகத்திலோ டோட்டோ-சான் கிடைத்தால், இந்த முறை எழுத்தை விட்டுவிட்டு இவாசாகியின் படங்களை மட்டும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். பள்ளியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.