குடிநோய்க்கு மருந்து, குடும்பத்திற்கு?

‘குடி குடியைக் கெடுக்கும்’ என்பது தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிந்த தொடர். பல ஆண்டுகள் மதுப்புட்டிகளின் மேலேயே இது அச்சிடப்பட்டிருந்தது. இதில் வரும் முதல் ‘குடி’ மது. இரண்டாம் ‘குடி’ குடும்பம். கெடுவது குடும்பம் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டு, மருத்துவம் என்று வரும்போது மட்டும் முதல் குடியோடு நாம் நின்றுவிடுகிறோம். நம் நாட்டுக் குடிநோய்ச் சேவைகளின் பெருங்குறை இதுவே என்பது என் கருத்து.

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், சின்னமனூருக்கு அருகே மார்க்கையன்கோட்டை என்ற பேரூர் இருக்கிறது. நெல்லும் வாழையும் தென்னையும் விளையும் பூமி. இப்பள்ளத்தாக்கின் பல ஊர்களிலிருந்தும் பெண்கள் விடியுமுன்னே ஜீப்புகளில் ஏறி, மலை கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் அந்தி சாய்ந்தபின் திரும்புகின்றனர். இப்பகுதியில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். தந்தை குடிநோயாளி. தாய் ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர். ஏழாம் வகுப்புப் படிக்கும் மூத்த பெண்தான் தம்பியைக் குளிப்பாட்டுகிறாள், உலை வைக்கிறாள், கடன் கேட்டு வருபவருக்குப் பதில் சொல்கிறாள். இரவில் வாசலில் கேட்கும் செருப்போசையைக் கொண்டே அன்றைய நிலவரத்தைக் கணித்துத் தம்பியை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை, வலிப்பு இல்லை. எந்த நோயின் பெயரும் அவளுக்குப் பொருந்தாது. ஆகவே எந்த மருத்துவப் பதிவேட்டிலும் அவள் பெயர் இல்லை.

தந்தையின் பெயர் என்றாவது பதிவேட்டில் ஏறக்கூடும். நெடுநாள் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தோன்றும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில், சிலருக்கு, இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் கடும் மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மதுவினால் அடங்கிக் கிடந்த மூளை நரம்புகள், அந்தத் தடை நீங்கியதும் கட்டுமீறிக் கிளர்வதே இதற்குக் காரணம். குளோர்டயசிபாக்சைடு போன்ற மருந்துகளாலும், தயமின் எனும் வைட்டமின் பி-1 ஊசியாலும் இக்கட்டத்தைப் பத்திரமாகக் கடக்கலாம். மருத்துவம் இதில் கண்டிருக்கும் தேர்ச்சி பாராட்டத்தக்கது. ஆனால் நஞ்சிறக்கிய உடலை மறுபடி எந்த வீட்டுக்கு அனுப்புகிறோம்? அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கிறது?

இவ்வினாவுக்கு விடை தேடிய ஆய்வுகளுள் புகழ்பெற்றது அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா ஆகிய மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்டது. சான் டியகோ நகரில் 9,508 பேரிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டனர். அடி, வசவு, தாய் அடிபடுவதைக் காணுதல், வீட்டில் குடிகாரர் இருத்தல் என்று பல இன்னல்கள் பட்டியலில் இருந்தன. இவற்றில் நான்கும் அதற்கு மேலும் அனுபவித்தோருக்கு, எதுவும் அனுபவியாதோரைக் காட்டிலும், குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தது. இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒரு தனிக் குழந்தையின் தலையெழுத்து அன்று. குடிகாரர் வீட்டுப் பிள்ளை குடிகாரராகத்தான் ஆகும் என்று பேசுவது அறிவியலும் அன்று, அன்பும் அன்று. இன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும்போது அபாயமும் கூடுகிறது என்பதே நாம் கொள்ள வேண்டிய செய்தி. இன்னல்களில் ஒன்றிரண்டைக் குறைத்தாலும் பயன் உண்டு என்று நம்ப இதில் இடமிருக்கிறது.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவம் நமக்குப் புதிதும் அன்று. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளோடு உறவினரையும் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும், உறவினர் ஒருவர் உடன் தங்குவது நடைமுறையாயிற்று. மேலை நாட்டு மனநல மருத்துவமனைகள் உறவினரை வாசலில் நிறுத்திய காலத்தில் இது பெரிய துணிவு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே உறவினர் வந்தது நோயாளிக்குத் துணையாக. தாமும் துன்புற்றவர் என்ற முறையில் அல்ல. மருந்து கொடுக்கவும் மறுபடி கெடாமல் பார்த்துக்கொள்ளவும் சம்பளமில்லாத ஒரு தாதியாகவே நம் மருத்துவம் பெரும்பாலும் மனைவியைக் கருதி வந்திருக்கிறது.

இந்நோக்கை மாற்றியதில் சென்னையின் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திற்குப் பங்குண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-இல் தொடங்கியது அது. பாதிக்கப்பட்ட மனைவி ஒருவரே நிறுவிய இடமாதலால் குடும்பத்தாருக்கு அங்கே ஆலோசனைகள் உண்டு. 1989 முதல் மஞ்சக்குடியில் (இன்றைய திருவாரூர் மாவட்டம்) இந்நிறுவனம் நடத்திய முகாம்கள், பட்டணத்து மருத்துவமனைக்கு வரமுடியாதவர்களுக்கு அவர்கள் ஊர்ப்பக்கத்திலேயே சிகிச்சை தந்தன. இந்த அனுபவம் 1994-இல் ‘அடிக்‌ஷன்’ என்ற பன்னாட்டு ஆய்விதழில் வெளியாயிற்று. முகாம் முறை நல்லதே. ஊரே சேர்ந்து ஒருவரின் மீட்சிக்குச் சாட்சியாக நிற்பது சிறு காரியமன்று. ஆனால் முகாம் என்பதன் இயல்பே வந்து போவது. பிள்ளையின் அச்சமோ முகாமோடு முடிவதில்லை. அப்பா குடியை விட்டபிறகும் பல மாதம் அது செருப்போசைக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

சேவையின் பயனை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் என் முக்கியமான மனக்குறை. கோவாவில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தோரில், தீங்கு விளையுமளவு குடிக்கும் 377 ஆண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே ஒரு பகுதியினருக்குச் சில அமர்வுகள் ஆலோசனை தந்தனர். நட்கர்னி, விக்ரம் பட்டேல் முதலியோர் 2017-இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். மூன்று மாதத்தில் தீங்கான குடியிலிருந்து விடுபட்டோர், ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காடு. வழக்கத்தைவிடச் சற்று மேம்பட்ட கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காடு. உளவியல் மருத்துவர் பற்றாக்குறையுள்ள நாட்டுக்கு இது நல்ல செய்திதான்.

அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது. மனைவிமீதான வன்முறையில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இதை மறைக்காமல் எழுதிய ஆய்வாளர்களைப் போற்ற வேண்டும். மூன்று மாதம் என்பது குறைந்த காலம் என்று கூறலாம், அது நியாயமே. ஆனாலும் குடி குறைந்தால் வீடு தானே சீராகிவிடும் என்ற நம் எளிய நம்பிக்கை இங்கே ஆட்டம் காண்கிறது. நல்ல வேளையாக அந்த ஆய்வில் அதைக் கேட்டார்கள். நம் மறுவாழ்வு மையங்களில் ‘எத்தனை நாளாகக் குடிக்கவில்லை?’ என்ற கேள்விதானே முதலில் எழுகிறது? பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, இரவு தூங்குகிறதா என்பதற்கு ஒரு கட்டமாவது வேண்டாமா?

அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கொபெல்லோ, ஆர்ஃபோர்டு, வெல்மன், டெம்பிள்டன் ஆகியோர் வகுத்த ‘ஐந்து படி முறை’ குடிப்பவருக்கானதே அன்று, அவருடன் வாழ்பவருக்கானது. முதலில் அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது. பிறகு குடிநோயைப் பற்றிய உண்மைகளைச் சொல்வது. இதுவரை அவர் எப்படிச் சமாளித்தார், அதில் எது அவருக்கு நன்மை, எது கேடு என்று சேர்ந்து ஆராய்வது. துணை நிற்கக்கூடிய உறவையும் நட்பையும் கண்டறிவது. மேற்கொண்டு தேவைப்படும் உதவிக்கு வழிகாட்டுவது. குடிப்பவர் வர மறுத்தாலும் இச்சேவை நிற்பதில்லை. நம் முறையில் ‘அவரைக் கூட்டிக்கொண்டு வாம்மா’ என்று சொல்லி அனுப்பப்படும் பெண்ணுக்கு, இங்கே முதல் நாளே ஒரு நாற்காலி கிடைக்கிறது. கோவாவில் இதை நம் நாட்டுக்கு ஏற்பத் தழுவி, சாதாரண ஆலோசகர்களைக் கொண்டே சிறிய அளவில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

நம் அரசு அமைப்பில் இதற்கு இடம் எது? மாவட்ட மனநலத் திட்டம் சுகாதாரத் துறையின் கையில். 1982-இன் தேசியத் திட்டத்திலிருந்தும் பெல்லாரி மாவட்ட அனுபவத்திலிருந்தும் பிறந்து, 1996-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது திருச்சிக்கு. போதை மறுவாழ்வு மையங்களுக்கு மானியம் தருவது சமூக நீதி அமைச்சகம். குழந்தைப் பாதுகாப்பு அலகு வேறொரு துறையில். நம் ஏழாம் வகுப்புப் பெண் இம்மூன்றின் இடைவெளியில் விழுகிறாள்: மனநோயாளி அல்லள், போதைக்கு ஆட்பட்டவள் அல்லள், கைவிடப்பட்டவளும் அல்லள். 2019-இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வு, மதுவினால் உதவி தேவைப்படும் நிலையில் 5.7 கோடிப் பேர் இருப்பதாகவும், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகவும் கூறுகிறது. அந்த 5.7 கோடிப் பேரின் வீடுகளில் எத்தனை குழந்தைகள் என்ற எண் அதன் தலையாய முடிவுகளில் காணப்படவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் வெளியூரார் கஞ்சாவைப் பற்றிக் கேட்கிறார்கள். கைது விவரங்கள் நாளிதழில் இடம்பிடிப்பதால் அப்படி. மேற்சொன்ன ஆய்வின்படி நாட்டில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 2.8 விழுக்காடு, மது அருந்துவோர் 14.6 விழுக்காடு. கடையில் விற்பதனால் மட்டும் ஒரு பொருள் குறைந்த தீங்குடையது ஆகிவிடாது. பள்ளிகளில் மண்டையோட்டுப் படத்தோடு நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் 1983-இல் தொடங்கிக் காவலர்களை வகுப்புக்கு அனுப்பிய ‘டேர்’ திட்டம் பெரும் பொருட்செலவில் நடந்தும், பழக்கத்தைக் குறைப்பதில் அது நீடித்த பயன் எதுவும் தரவில்லை என்று பல மதிப்பீடுகள் காட்டின. அப்பா குடிப்பதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்க எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்?

ஊர்ச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியரும் இந்த ஐந்து படிகளைக் கற்றுக்கொள்ளலாம். கோவா அனுபவம் அதற்கு ஆதரவாக உள்ளது. ஒரே தெருக்காரரிடம் யார் மனம் திறப்பார் என்ற தடை மெய்யானது. சிற்றூரில் ரகசியம் நிற்பதில்லை, சாதியும் குறுக்கே வரும். பக்கத்து ஊர்ப் பணியாளர் வருவது இதற்கு ஓரளவு பரிகாரம். குழந்தைகளுக்கான 1098-உம், மனநல உதவிக்கு 2022 முதல் இயங்கும் 14416-உம் தொலைபேசியில் கிடைக்கின்றன. வீட்டில் இருக்கும் ஒரே போன் தந்தையின் சட்டைப்பையில் இருந்தால் அவையும் எட்டாது. நேரத்தையும் பார்க்க வேண்டும். மார்க்கையன்கோட்டைத் தாய் சின்னமனூர் போய், தேனி போய், க.விளக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காலை நேர வெளிநோயாளர் பிரிவை அடைய ஒரு நாள் கூலியை விடவேண்டும். ஜீப் திரும்பும் நேரத்திற்குப் பிறகு, வாரத்தில் ஒரு மாலையேனும், சின்னமனூரிலேயே ஓர் ஆலோசகர் தாய்க்கும் பிள்ளைக்குமாக உட்கார்ந்திருந்தால் அவர்கள் இருவரும் நடந்தோ பஸ்ஸிலோ வந்து போகலாம்.