பவுல் இல்லாத ஆறாவது ஆட்டக்காரர்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், வெற்றிக் களிப்பில் மாணவர்கள் ஆடுகளத்துக்குள் பாய்வது பற்றிய வாக்குவாதம் ஓயவில்லை. 2024 ஜனவரியில் ஒஹையோ ஸ்டேட் அரங்கில் ஓடிவந்த ரசிகை ஒருவர் மோதி எதிரணி வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் தரையில் விழுந்தார். அடுத்த மாதம் வேக் ஃபாரஸ்ட் அரங்கில் டியூக் அணியின் கைல் ஃபிலிபவ்ஸ்கி காலில் அடிபட்டு, மற்றவர்கள் தாங்கிப்பிடிக்க வெளியேறினார். இப்போது பல்கலைக்கழக அணிகளின் எஸ்.இ.சி. கூட்டமைப்பு களத்தில் பாய்வதற்கு 5 லட்சம் டாலர் அபராதம் வைத்திருக்கிறது. உடனே, "மாணவர் ஆரவாரம்தான் இந்த ஆட்டத்தின் உயிர், அதில் கை வைக்காதீர்கள்" என்ற குரல் எழுகிறது.

உயிர்தான், மறுக்கவில்லை. டியூக்கின் கேமரன் அரங்கில் 9,314 பேர்தான் கொள்ளும். ஆனால் வட கரோலினா அணியுடன் மோதும் நாளுக்காக மாணவர்கள் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுக் குளிரில் கிடக்கிறார்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் அரங்கில் 2017-இல் எழுந்த கூச்சல் 130.4 டெசிபல், கின்னஸ் சாதனை. இந்தக் கூட்டத்தை 'ஆறாவது ஆட்டக்காரர்' என்று அழைப்பதிலும் நியாயம் உண்டு.

என் ஆட்சேபம் அந்தப் பட்டத்திலிருந்தே தொடங்குகிறது. களத்தில் ஆடும் ஐவரில் எவரும் ஐந்து பவுல் (விதிமீறல்) செய்தால் வெளியேற வேண்டும். ஆறாவது ஆட்டக்காரர் என்ன சொன்னாலும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம். களத்துக்குள் பாயும் காலுக்கு விலை வைத்தவர்கள், கேலரியிலிருந்து பாயும் நாக்குக்கு அந்த அளவுக்கு வைக்கவில்லை.

ஃப்ரீ த்ரோ போடும் தருணத்தைப் பாருங்கள். பலகைக்கு 15 அடி தள்ளி ஒரு கோடு, கையில் பந்து, பத்து விநாடி. மொத்த ஆட்டத்திலும் ஒருவர் முழுத் தனிமையில் நிற்பது அப்போதுதான். எதிரே ஆயிரக்கணக்கில் மாணவர்கள். அவரும் அதே பத்தொன்பது, இருபது வயது மாணவர். அவருடைய அம்மா, காதலி, குடும்பத்தில் நடந்த சாவு என எதையும் தேடியெடுத்து அங்கே வீசலாம் என்பது எப்படி உற்சாகம் ஆகும்?

இது கற்பனை அல்ல. 1984 ஜனவரியில், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவர் மால்கம் கர் சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் ஸ்டீவ் கர் அப்போது அரிசோனா அணியின் முதலாண்டு மாணவர். நான்கு ஆண்டு கழித்து, 1988-இல், எதிரணியான அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அரங்கில் அவர் ஆட்டத்துக்கு முன் பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் கும்பல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயரைக் கூவியது. அப்பாவின் சாவைச் சொல்லிக் கத்தியது. பந்தைக் கீழே விட்டார், உடம்பு நடுங்கியது, கண் கலங்கி உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய் முதல் பாதியில் ஆறு மூன்று-புள்ளி கோல்களைப் போட்டார்.

இந்தக் கடைசி வரியைத்தான் ஆரவாரத்தின் வக்கீல்கள் எடுத்துக்கொள்கிறார்கள்: கத்தினார்கள், அவர் பதிலடி கொடுத்தார், கணக்கு சரி என்று. ஒரு கணக்கும் சரியாகவில்லை. பந்து வளையத்தில் விழுந்ததால் தகப்பனைச் சொல்லிக் கூவியது சிறு குற்றம் ஆகிவிடாது. "நாலைந்து பேர்தான் கத்தினார்கள்" என்பதும் சமாதானம் ஆகாது. பக்கத்தில் இருந்த மற்றவர்கள் அவர்களை வெளியேற்றினார்களா? இல்லை. கூட்டத்துக்கு முகம் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் வாய் நீள்கிறது. அதை வளர்த்துவிட்டு 'பள்ளி உணர்வு' என்று பெயர் வைப்பது கல்வி நிலையம் செய்கிற வேலை அல்ல.

திருத்த முடியும் என்பதற்கு அதே அரிசோனா ஸ்டேட் சாட்சி. 2013-இல் அங்கே மாணவர்கள் ஒரு திரையைக் கொண்டுவந்தார்கள். எதிரணி வீரர் ஃப்ரீ த்ரோ போடும்போது திரை திறக்கும், பின்னால் கோமாளிக் கூத்து நடக்கும். கவனம் சிதறும், மனம் புண்படாது. இண்டியானாவின் டெய்லர் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கொரு டிசம்பர் இரவில் தங்கள் அணி பத்தாவது புள்ளியை எடுக்கும்வரை அரங்கமே வாய் திறக்காது. எடுத்ததும் கூரை அதிரும். அந்த ஆரவாரத்துக்கு ஓர் எதிரி தேவைப்படவே இல்லை.

பல்கலைக்கழகங்களே, களத்தில் பாய்வதற்கு வைத்த சட்டத்தைக் கேலரிக்கும் வையுங்கள். ஒரு வீரரின் வீட்டுத் துக்கத்தைக் கூவுகிறவரை அன்றே அரங்கைவிட்டு அனுப்புங்கள். ஆறாவது ஆட்டக்காரர் என்றால் பவுலும் உண்டு.