அலரும் தோழியும்: ஒரு சித்திரக்கதையின் வாசகர்களைப் பற்றி

ஒரு கதை முடிவதற்கு முன்பே அதில் யார் யாரோடு சேர்வார்கள் என்று ஊகித்துப் பேசுவது வாசகர்களின் பழைய பழக்கம். வாராவாரம் தொடர்கதைக்குக் காத்திருந்த வீடுகளில் இந்தப் பேச்சு சமையலறையில் நடந்தது. இப்போது என் மாணவிகள் கைபேசியில் படிக்கும் இணையச் சித்திரக்கதைகளைச் சுற்றி நடக்கிறது. இதற்கு ‘ஷிப்பிங்’ என்று பெயர். 1990களில் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் மல்டரும் ஸ்கல்லியும் காதலர்களாக வேண்டும் என்று விரும்பிய ரசிகர்கள் தங்களை ‘ரிலேஷன்ஷிப்பர்’ என்று அழைத்துக்கொண்டார்கள். அதன் வால்தான் இந்தச் சொல். கூடவே கூடாது என்று வாதிட்ட எதிரணியும் அப்போதே இருந்தது.

இதை வயசுப் பெண்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. ஒரு பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று நாம் ஊகிக்கும்போது, அந்தப் பாத்திரத்தை விடவும் நம்மைப் பற்றியே அதிகம் சொல்லிவிடுகிறோம். ஒரு பெண்ணின் விருப்பம் எங்கே போய் முடியும் என்று நாம் நம்புகிறோம், அவளுடைய மறுப்பை எப்படிக் கேட்கிறோம் என்பதெல்லாம் ஊகத்தில்தான் வெளியே வருகின்றன.

இதைப் பேச எனக்குப் பொருத்தமாகத் தெரிவது ஜெஃப் ஜாக்ஸ் எழுதி வரையும் ‘கொஸ்டினபிள் கன்டென்ட்’. 2003 ஆகஸ்டில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நாள் என்ற கணக்கில் இருபது ஆண்டுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் கதை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்ப்டன் என்ற சிறு கல்லூரி நகரம்தான் அதன் களம். ஒரு காபிக்கடை, ஒரு நூலகம், வாடகை வீடுகள், மனிதர்களோடு சாதாரணமாக வாழும் ரோபோக்கள். நாளுக்கு ஒரு பக்கம், பெரும்பாலும் நான்கைந்து கட்டங்கள். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையே ஒரு முழு நாள் கிடக்கிறது. வாசகர்களின் பேச்சு அந்த இடைவெளியில்தான் வளர்கிறது.

கதை தொடங்கும்போது மார்ட்டின் என்ற இளைஞன் ஃபே என்ற பெண்ணைச் சந்திக்கிறான். அவள் காபிக்கடையில் வேலை செய்பவள், வாயாடி, கோபக்காரி. கொஞ்ச நாளில் அவனுடைய வீட்டிலேயே குடியிருக்க வருகிறாள். ஒரே வீடு, ஒரு ஆண், ஒரு பெண். முடிவு தெரிந்துவிட்டது என்று வாசகர்கள் எண்ணியதில் வியப்பில்லை; கதையும் அந்த எண்ணத்தோடு கொஞ்ச காலம் விளையாடியது. ஆனால் ஃபே ஒரு கட்டத்தில் அவனை உட்காரவைத்துப் பேசுகிறாள். தன் கண்ணெதிரே தந்தை தற்கொலை செய்துகொண்டதைச் சொல்கிறாள். தன்னால் இப்போது அவனோடு அப்படி இருக்க முடியாது என்கிறாள். இதற்குப் பிறகு மார்ட்டின், ஃபேயின் முதலாளியும் தோழியுமான டோராவோடு சேர்கிறான். அது சில ஆண்டுகளில் முறிகிறது. ஃபேயின் வாழ்க்கையிலும் ஆண்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஆங்கஸ் என்பவன் வேலைக்காக நியூயார்க் போகிறான். அவள் பின்னால் போகவில்லை.

ஒவ்வொரு முறிவுக்குப் பிறகும் ஒரு பகுதி வாசகர்கள் பழைய கணக்கைத் திறந்தார்கள். இனி ஃபேயும் மார்ட்டினும் சேர்ந்துவிடுவார்கள் என்றார்கள். அவள் முடியாது என்று சொன்னது அவர்கள் காதில் ‘இன்னும் இல்லை’ என்று விழுந்திருக்கிறது. அவளுடைய துயரம் கதாநாயகன் பொறுமையாகக் கடக்க வேண்டிய ஒரு தடையாகிவிட்டது. இந்த வாசிப்பை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? நம்முடைய சினிமாக்களில் பாதி இந்த ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பெண் முதலில் மறுப்பாள், அவன் விடாமல் காத்திருந்தால் போதும். ஃபே பிறந்தது அமெரிக்கத் தெற்கின் ஜார்ஜியாவில். இருந்தும் அவளுடைய மறுப்பு கேட்கப்பட்ட விதம் நமக்கு அந்நியமாகப் படவில்லை.

இது இணையத்தோடு பிறந்த நோயுமல்ல. லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ நாவலின் முதல் பகுதி 1868இல் வந்தபோது, அந்தப் பெண்கள் யாரைக் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று கேட்டுச் சிறுமிகள் ஆல்காட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு அது ஒன்றுதான் குறிக்கோள் என்பதைப்போல் கேட்கிறார்களே என்று அவர் நாட்குறிப்பில் அலுத்துக்கொண்டார். யாரைத் திருப்திப்படுத்தவும் ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்றும் எழுதினார். ஜோ எழுத்தாளராகத் தனியாகவே இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். ஆனாலும் 1869இல் வந்த இரண்டாம் பகுதியில் ஜோவுக்கு வேறொரு கணவர் வந்தார். லாரியை மறுக்கும் அளவுக்கு ஆசிரியருக்கு வலு இருந்தது. திருமணத்தையே மறுக்கும் அளவுக்கு இல்லை.

இந்தப் பேச்சுக்குத் தமிழில் நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: அலர். களவில் இருக்கும் இருவரைப் பற்றி ஊர் பேசும் பேச்சு. அரும்பாக, குறிப்பாக, யாரென்று தெளியாமல் இருக்கும் வரை அது அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் என்று விரிந்துவிட்டால் அலர் என்று இலக்கண உரைகள் பிரித்துச் சொல்கின்றன. வள்ளுவர் ‘அலர் அறிவுறுத்தல்’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். வகுப்பில் இதைச் சொல்லித் தரும்போது காதலின் ஒரு சுவையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் அகப்பாடல்களின் கதைப்போக்கில் அலருக்கு ஒரு வேலை இருக்கிறது. அது களவைக் கற்பை நோக்கித் தள்ளுகிறது. ஊர் பேசுகிறது, ஆகவே சீக்கிரம் வந்து மணந்துகொள் என்று தலைவனிடம் சொல்ல வழி பிறக்கிறது. இன்னொரு பக்கம் அந்தப் பேச்சு தாயின் காதுக்குப் போகிறது. பெண் வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். இற்செறிப்பு என்று அதற்கும் பெயர் வைத்திருக்கிறோம். ஒரே பேச்சு ஆணைத் திருமணத்தை நோக்கி நகர்த்துகிறது, பெண்ணைச் சுவருக்குள் நகர்த்துகிறது.

சித்திரக்கதைப் பாத்திரத்தை யாரும் வீட்டில் அடைக்க முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான். காகிதத்துப் பெண்ணுக்கு வலிக்காது. ஆனால் அலராக வாசிக்கும் பழக்கம் காகிதத்தோடு நிற்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கருத்தரங்கக் கட்டுரை ஒன்றை வகுப்புத் தோழன் ஒருவனோடு சேர்ந்து தயாரித்தாள். நூலகத்தில் இரண்டு வாரம் எதிரெதிரே உட்கார்ந்ததுதான் நடந்தது. வகுப்பு அவளை அவன் பெயர் சொல்லி ஓட்டத் தொடங்கியது. பெஞ்சில் இரண்டு பெயர்களும் சேர்த்து எழுதப்பட்டன. ‘செட் ஆகுது’ என்றார்கள். பேச்சு ஓர் உறவுக்காரப் பையன் வழியாக வீட்டுக்குப் போனது. இரண்டாம் ஆண்டின் பாதியில் அவள் வருவது நின்றுவிட்டது. ஓட்டியவர்களில் பாதிப் பேர் அவளுடைய தோழிகள். யாரும் அவளை வெறுக்கவில்லை. ஒரு கதையை ரசித்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பையன் படித்து முடித்துப் பட்டம் வாங்கினான்.

ஆகவே ஊகிப்பதே தவறு, நிறுத்துங்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. நம் மரபிலேயே ஊகத்துக்கு இன்னொரு உருவம் இருக்கிறது. அவள் தோழி. தலைவி எதையும் வெளிப்படையாகச் சொல்லாதபோது அவள் முகத்தின் மாற்றத்தையும் நடையின் தளர்வையும் கொண்டு உள்ளத்தை அறிந்துகொள்கிறாள். மதியுடம்படுதல் என்கிறது இலக்கணம். ஊரும் அதே குறிகளைத்தான் பார்க்கிறது. ஆனால் ஊர் ‘யாரோடு?’ என்று கேட்கிறது. தோழி ‘இவளுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கிறாள். முன்னதன் விடை ஓர் ஆணின் பெயரோடு முடிந்துவிடும். பின்னதன் விடைக்காகத் தலைவியை இன்னும் கவனிக்க வேண்டியிருக்கும்.

ஃபேயைத் தோழியாக வாசித்தவர்களும் இருந்தார்கள். கதை தொடங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலான பிறகு, குடிப்பழக்கம் முற்றிக் காபிக்கடை வேலையை இழக்கிறாள் ஃபே. உலோகத்தை ஒட்டவைத்துச் சிற்பம் செய்யும் கை அவளுக்கு உண்டு. சட்டவிரோத ரோபோச் சண்டைக்களம் ஒன்றில் ரோபோக்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போகிறாள். அங்கே பபிள்ஸ் என்ற ரோபோவைச் சந்திக்கிறாள். போருக்காகச் செய்யப்பட்டவள், ஃபேயை விட மிக உயரமானவள், போரின் நினைவுகளைச் சுமக்க முடியாதவள். அவளுடைய நினைவுகளைப் பூட்டிவைத்து அவளை அடிமைபோல் வைத்திருக்கிறது அந்தக் களத்தை நடத்தும் இன்னொரு ரோபோ. அதிலிருந்து பபிள்ஸ் வெளியேற ஃபே துணை நிற்கிறாள். ஃபே குடிக்காமல் இருக்கப் பபிள்ஸ் துணை நிற்கிறாள். இருவரும் சேர்ந்து ஒரு பழுதுபார்க்கும் கடை தொடங்குகிறார்கள். பிறகுதான் காதல்.

அவர்கள் சேர்வதற்கு முன்பே அதைக் கண்டுகொண்ட வாசகர்கள் எதைப் பார்த்தார்கள்? ஃபே யாரிடம் தன் கேலியைக் கீழே வைக்கிறாள், யார் பக்கத்தில் அவளுக்குத் தூக்கம் வருகிறது, யாருக்காகக் கோபப்படுகிறாள் என்பதைப் பார்த்தார்கள். கண்ணெதிரே இருந்த இந்தக் குறிகளைப் பலர் ‘நல்ல நட்பு’ என்று கடந்துபோனார்கள். ஒரு ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருந்தால் போதும், அது காதல். இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் உயிரோடு வைத்திருந்தாலும் அது நட்புதான். இந்த இரட்டை அளவுகோலை ஃபேயின் கதை வெளியே கொண்டுவந்தது. அதேசமயம் மார்ட்டினும் ஃபேயும் கடைசிவரை நண்பர்களாக இருப்பதையும் கதை சாதித்தது. அவர்களுடைய நட்பு தோற்றுப்போன காதலாக எழுதப்படவில்லை.

மார்ட்டினின் பாதையும் கவனிக்கத்தக்கது. நூலகத்தில் பயிற்சிக்கு வரும் கிளேர் என்ற திருநங்கையோடு அவனுக்கு நட்பு ஏற்படுகிறது. தன்னைப் பற்றி அவளே அவனிடம் சொல்கிறாள். கதை அதை ஒரு திடுக்கிடும் திருப்பமாகப் பயன்படுத்தவில்லை. பிறகு காதல் வருகிறது. பின்னர் அவளுக்கு வேறிடத்தில் நூலக வேலை கிடைக்கும்போது, உடன் கிளம்பிப் போகிறவன் அவன். பெண்ணின் வேலைக்காக ஆண் ஊர் மாறுகிறான். அமெரிக்காவிலும் இது இன்னும் சாதாரணமாகிவிடவில்லை. நம் குடும்பங்களில் சொல்லவே வேண்டாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஹானலோர் என்ற பெண் இக்கதையில் இருக்கிறாள். கிருமி பற்றிய அச்சமும் எண்ண சுழற்சி நோயும் கொண்டவள். பிறர் தொடுவதைத் தாங்க முடியாதவள். எண்ணுவதில் அமைதி காண்பவள். வேடிக்கையானவள், வாசகர்களுக்கு மிகவும் பிடித்தவள். பிடித்துப்போனதாலேயே அவளுக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்ற ஆசை எழுகிறது. அவள் குணமடைவதற்கு அடையாளமாக ஒரு காதலனையோ காதலியையோ பரிசளிக்கத் தோன்றுகிறது. அன்பான ஆசைதான். ஆனால் இக்கதையில் ஏறக்குறைய எல்லாருமே ஜோடியாகிவிடும்போது, தனியாக இருக்கும் பெண் நிரப்பப்படாத கட்டமாகத் தெரியத் தொடங்குகிறாள். இதற்கு வாசகர்கள் மட்டும் பொறுப்பல்ல. ஒருபால் ஜோடிகளையும் திருநங்கையையும் ரோபோவையும் இவ்வளவு இயல்பாக வைத்த கதை, ஜோடி என்ற அமைப்பை மட்டும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. ஆல்காட் 1869இல் முட்டிநின்ற சுவர் இங்கே கொஞ்சம் தள்ளி நிற்கிறது; இடியவில்லை.

ரசிகைகளின் ஊகத்துக்கு ஒரு பெருமையான வரலாறும் உண்டு. 1970களில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கிர்க்கையும் ஸ்பாக்கையும் காதலர்களாக்கிக் கதை எழுதி, அச்சடித்து, தங்களுக்குள் சுற்றுக்கு விட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். தொலைக்காட்சி அவர்களுக்குத் தராத சமமான காதலை அவர்களே எழுதிக்கொண்டார்கள். நாவலாசிரியரும் பெண்ணியருமான ஜோனா ரஸ் 1980களிலேயே அதைப் பற்றித் தீவிரமான கட்டுரை எழுதினார். பெண்கள் தங்கள் விழைவைச் சொல்லிப் பார்க்க ஊகம் ஓர் இடம் தந்தது. அந்த இடத்தை நான் யாரிடமிருந்தும் பறிக்க விரும்பவில்லை. வீட்டில் விருப்பம் என்ற சொல்லையே உச்சரிக்க முடியாத ஒரு மாணவி, கைபேசியில் இரண்டு பாத்திரங்களின் விருப்பத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறாள் என்றால் அது அவளுக்குத் தேவைப்படும் பயிற்சி.

அந்தப் பயிற்சியை எந்தக் கேள்வியோடு செய்கிறோம் என்பதுதான் என் கவலை. அகத்திணை பாடம் நடத்தும்போது இப்போது நான் அலரையும் தோழியையும் ஒன்றாகவே வைத்து நடத்துகிறேன். மாணவிகள் தாங்கள் படிக்கும் சித்திரக்கதையிலிருந்து ஒரு ஊகத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு ஆதாரமாக அந்தப் பெண் சொன்னதையும் செய்ததையும் மட்டுமே காட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு ஆண் நின்றான் என்பது ஆதாரம் ஆகாது. அவள் மறுத்திருந்தால் அந்த மறுப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாதி ஊகங்கள் அங்கேயே விழுந்துவிடும். மீதியை வைத்துக்கொண்டு நடக்கும் சண்டையில் மணியடிப்பதுகூட யார் காதிலும் விழுவதில்லை. போன பருவத்தில் ஒரு பெண் கேட்டாள்: “மேடம், அவளுக்கு யாருமே வேணாம்னா அதுவும் ஷிப்தானே?” அதற்கும் ஆதாரம் காட்டு என்றேன். அடுத்த வகுப்புக்கு நான்கு பக்கம் எழுதி வந்தாள்.