ஜெலுத்தோங்கின் வாரிசுகளா?

மலேசிய முஸ்லிம் பெண்களின் சீர்திருத்தக் குரலைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு தீர்ப்பு கையோடு வந்துவிடுகிறது: கோலாலம்பூரில் ஆங்கிலம் படித்த சீமாட்டிகள் மேற்கிலிருந்து இறக்கிய சரக்கு அது என்று. எங்கள் கெப்பாலா பத்தாஸிலும் இதைக் கேட்க நேர்வதுதான் வேடிக்கை. ஜலசந்தியைக் கடந்தால் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங். இஸ்லாமியச் சீர்திருத்தவாதி சையது ஷேக் அல்ஹாடி 1927இல் அங்கேதான் அச்சகம் வைத்தார். அதற்கு முன்பே ‘ஃபரீடா ஹனோம்’ நாவலில் படித்த பெண்ணொருத்தியை நாயகியாக்கியிருந்தார். ‘அல் இக்வான்’ இதழில் பெண்கல்விக்காக மார்க்க ஆதாரத்தோடு வாதாடினார். சீர்திருத்தம் கேட்ட காவும் மூடாவுக்கும் (இளைய தரப்பு) மரபைக் காத்த காவும் துவாவுக்கும் (மூத்த தரப்பு) நடந்த சண்டையில் அவர் முதல் தரப்பு.

ஆனால் அல்ஹாடியைப் பாட்டனாராக்கி நேர்கோடு இழுக்கும் எதிர்த்தரப்பையும் என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய ஃபரீடா கெய்ரோக்காரி; அவள் பேசுவதெல்லாம் அல்ஹாடியின் பேச்சு. பெண்ணுக்காக ஆண் எழுதிய வக்காலத்து அது, எவ்வளவு பெருந்தன்மையானாலும்.

பெண்ணே எழுதியதைத் தேடினால் தமிழ்நாட்டு நாகூருக்குப் போக வேண்டும். சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா? கடமையா?’ 1938இல் உ.வே.சாமிநாதையரின் முன்னுரையோடு வந்தது. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றுபோன பெண் அவர். பினாங்கு சூலியா தெருவில் நாகூர் தர்காவின் மகானுக்கு நினைவிடம் எழுப்பிய நாம், அதே ஊர் எழுத்தாளரை மறந்தது கொஞ்சமும் பெருமையில்லை. நம் இலக்கியக் கூட்டங்களில் முஸ்லிம் பெண்ணெழுத்து கவிஞர் சல்மாவோடு தொடங்கி சல்மாவோடு முடிகிறது.

உண்மையான திருப்பம் 1987. 1984ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம் ஷரியா நீதிமன்றங்களில் நடைமுறையான விதம்தான் சில பெண்களை ஒன்றுகூட்டியது. விவாகரத்து கேட்டு அலையும் மனைவி, ஜீவனாம்சம் தராமல் இழுத்தடிக்கும் கணவன், இரண்டாம் திருமணத்துக்கு எளிதில் கிடைக்கும் அனுமதி. சட்டத்தை மட்டும் படித்தால் போதாது, குர்ஆனையும் நாமே படிப்போம் என்று ஜைனா அன்வர், நோரானி ஓத்மான் முதலியோர் அமர்ந்ததில் சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் பிறந்தது. அக்குழுவில் இருந்த ஆமினா வதூத் அமெரிக்கர் என்பதைக் குற்றச்சாட்டாகப் பிடித்துக்கொள்வோர், அவருடைய ‘குர்ஆனும் பெண்ணும்’ 1992இல் முதலில் அச்சானதே கோலாலம்பூரில்தான் என்பதைச் சொல்வதில்லை. கணவன் மனைவியை அடிக்கலாமா என்று கேட்டு அமைப்பு 1991இல் வெளியிட்ட சிறு கையேட்டை, பல தடித்த ஆய்வு நூல்களுக்கு மேலாக மதிக்கிறேன். அடிபட்டவள் கேட்கும் கேள்வி அது. 1994இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்த வேண்டும் என்று போராடியதும் அதன் தொடர்ச்சிதான்.

பிறகு 2005. அப்போது நம் தொகுதி எம்.பி. அப்துல்லா அகமது படாவி பிரதமர். இவ்வூரில் மத்ரசா நிறுவிய ஷேக் அப்துல்லா ஃபாஹிமின் பேரன். இஸ்லாம் ஹதாரி என்று நாகரிக இஸ்லாம் பேசியவர். அவர் ஆட்சியில்தான் குடும்பச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இன்னொரு மனைவியை மணப்பது நியாயமாகவும் அவசியமாகவும் இருக்க வேண்டும் என்றிருந்த நிபந்தனையில், இரண்டில் ஒன்றிருந்தால் போதும் என்றாக்கினார்கள். ஆட்சேபித்த பெண் செனட்டர்களே கட்சிக் கட்டளைக்குப் பணிந்து ஆதரித்து வாக்களித்தார்கள். எதிர்ப்பு வலுத்தபின் அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது. நாகரிகம் என்ற பேச்சு சட்டவரைவு மேசையை எட்டவில்லை என்றே படுகிறது.

2010இல் கூட்டரசுப் பிரதேசத்தில் ஷரியா நீதிபதிகளாகப் பெண்கள் நியமனமானது பலர் கண்ணில் படாத வெற்றி. புதிய தஃப்சீர்களைவிட (குர்ஆன் விரிவுரைகளைவிட) எனக்கு இந்தப் பாதையில்தான் நம்பிக்கை: புகார் மனு, வழக்கறிஞர், நீதிபதி நாற்காலி. சலிப்பூட்டும் வேலை, மேடையில் கைதட்டு கிடைக்காது.

சிலாங்கூர் ஃபத்வா 2014இல் சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் அமைப்பை வழிகேடு என்றது. கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூனில், நிறுவனம் ஒரு மதத்தைப் பின்பற்ற முடியாது, ஆகவே ஃபத்வா அதைக் கட்டுப்படுத்தாது என்று தீர்த்தது. வழக்கு வென்றது, சரி. ஆனால் அந்தப் பெண்கள் குர்ஆனை வாசித்த விதம் சரியா, தவறா என்ற வாதம் அங்கே தீரவில்லை.