மலை வாசல்வரை வரும் ஊர்

பனிச்சறுக்குத் தலங்களின் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது எண்கள்தான். எத்தனை கிலோமீட்டர் சறுக்குப் பாதை, எத்தனை லிஃப்ட், எத்தனை உணவகம். பிரான்சின் த்ருவா வாலே 600 கிலோமீட்டர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தின் மியூரெனில் இருப்பது ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஆனாலும் வாழ்நாளில் ஒரே ஒரு சறுக்குத் தலம்தான் பார்க்க முடியும் என்று யாராவது வந்து கேட்டால், யோசிக்காமல் மியூரெனைச் சொல்வேன். எண்ணிக்கை ஒரு தலத்தின் பரப்பைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: மலைக்கும் ஊருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? பெரும்பாலான இடங்களில் கார் நிறுத்துமிடமும் பேருந்தும் வரிசையும் இருக்கும். மியூரெனில் எதுவுமே இல்லை.

லௌட்டர்புருன்னென் பள்ளத்தாக்கு பனியாறு குடைந்தெடுத்தது. இருபுறமும் செங்குத்துப் பாறைச் சுவர்கள், அவற்றிலிருந்து விழும் அருவிகள். மேற்குச் சுவரின் உச்சியில், பள்ளத்தாக்குத் தரையிலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், ஒரு திண்ணை போன்ற சமதளம். அதில்தான் கடல்மட்டத்திலிருந்து 1,638 மீட்டரில் மியூரென் உட்கார்ந்திருக்கிறது. விருந்தினர் காரில் போய்ச் சேர வழியில்லை. லௌட்டர்புருன்னெனிலிருந்து கேபிள் காரில் க்ரூட்ஷால்ப் ஏறி, அங்கிருந்து பாறை விளிம்பை ஒட்டி ஓடும் சின்ன ரயிலைப் பிடிக்கலாம். அந்த ரயில் 1891 முதல் ஓடுகிறது. பள்ளத்தாக்கின் உட்கோடியில் ஷ்டெஷெல்பெர்க் பக்கமிருந்து இன்னொரு கேபிள் கார் உண்டு. 2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அதன் சாய்வு 159 சதவீதம். உலகிலேயே மிகச் செங்குத்தான கேபிள் கார் அது.

கார் இல்லாத ஊர்கள் ஆல்ப்ஸில் இன்னும் சில உண்டு. ஆனால் கார் இல்லாததால் ஒரு சறுக்குத் தலத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை மியூரெனில்தான் முழுதாக உணரலாம். தெருவில் பனியை உப்புப் போட்டுக் கரைக்க அவசியமில்லை. அது மிதிபட்டு இறுகித் தெருவாகவே கிடக்கிறது. வீட்டு வாசல்களில் மரச் சறுக்குவண்டிகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். சாயங்காலம் கடைசிச் சரிவு முடியும் இடத்தில் ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அதே பனித் தெருவில் நடந்து தங்குமிடம் போய்விடலாம். கனத்த பூட்ஸோடு பேருந்துப் படி ஏறி, ஈரக் கையுறையோடு முட்டி மோதிக்கொண்டு நின்று திரும்பும் அந்த அலுப்பு கிடையாது. நாள் முழுக்கச் சறுக்கிய சந்தோஷம் அறைக் கதவுவரை கலையாமல் வருகிறது. சறுக்குப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இனி மலை. ஊருக்கு மேலே ஷில்ட்ஹார்ன், 2,970 மீட்டர். உச்சியிலிருந்து ஊர்வரை 1,300 மீட்டருக்கும் மேலான இறக்கம். ஒரு நல்ல மலைக்கு ஆரம்பம், நடு, முடிவு என்று இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஷில்ட்ஹார்னுக்கு அது இருக்கிறது. உச்சியில் கால் வைத்ததுமே செங்குத்து, நெஞ்சு படபடக்கும். பிறகு மரமே இல்லாத அகன்ற பனி வெளி. அதற்கும் கீழே கனோனென்ரோர் என்ற குறுகிய இடுக்கு. அங்கே பாதை திடீரென்று ஒடுங்கி, திரும்புவதற்கு இடம் சுருங்கி, ஒவ்வொரு திருப்பத்தையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கும். அதைத் தாண்டினால் புல்வெளிச் சரிவுகள், மரக் கொட்டில்கள், ஊர்க் கூரைகள். ஒரே இறக்கத்தில் மலையின் எல்லாக் குணங்களும் வந்துவிடுகின்றன. ஒரே மாதிரியான இருபது சரிவுகளை லிஃப்டால் கோத்து வைத்த பெரிய தலங்களில் எனக்கு மத்தியானத்துக்குள் சலித்துவிடுகிறது.

காலை முதல் கேபிள் காரைத் தவறவிடக் கூடாது. இரவில் பனிச் சீரமைப்பு வண்டி போன தடம் அப்போதுதான் கெடாமல் இருக்கும்: சரிவு நெடுகிலும் விரல் கனத்தில் இணைகோடுகளாக மெல்லிய வரப்புகள். ஸ்கீயைச் சற்றே சாய்த்து அதன் எஃகு விளிம்பை அதில் பதித்தால் ஒரு சீரான கரகரப்பு எழும்; அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறும். விளிம்பு பிடித்துக்கொண்டது என்று காதும் காலும் சேர்ந்து சொல்லும் அந்தக் கணத்தில் உடம்பைத் தயங்காமல் பள்ளத்தின் பக்கம் சாய்த்துவிட வேண்டும். பயந்து மலைப் பக்கம் சாய்ந்தால் பிடி விட்டுப்போகும்.

பனிக்கும் பருவம் உண்டு. ஊருக்கு மேலுள்ள சரிவுகள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தவை என்பதால் காலை வெயில் நேராக விழுகிறது. ஜனவரியில் அது ஒரு வரம், குளிருக்கு இதமாக இருக்கும். மார்ச்சில் அதுவே கணக்குப் போட்டு நடக்க வேண்டிய விஷயம். இரவில் உறைந்து கல்லாகிக் கிடக்கும் பனி, வெயில் ஏற ஏற மேலே மட்டும் ரவை போலப் பொலபொலவென்று இளகும். அந்தப் பதம் கொஞ்ச நேரம்தான் நிற்கும்; பிறகு கூழாகிவிடும். பிற்பகலில் நிழல் விழுந்ததும் மறுபடி இறுகும். தெற்கிலிருந்து ஃபோன் என்னும் வெப்பக்காற்று இறங்கினால் எல்லாக் கணக்கும் தவறும். அன்றைக்குச் சறுக்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதே உத்தமம்.

இந்த மலைதான் ஒரு விளையாட்டையே பெற்றது. அதைப் பெற்றெடுக்க உதவியவர் நம் சென்னையில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஆர்னால்ட் லன் 1888இல் அன்றைய மதராஸில் பிறந்தார். தந்தை ஹென்றி லன் மெதடிஸ்ட் சபையின் மருத்துவ ஊழியராக இந்தியா வந்தவர். பின்னாளில் சுற்றுலாத் தொழிலில் இறங்கி, ஆங்கிலேயர்களைக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸுக்கு அழைத்துப் போனார். மகன் இளவயதிலேயே வேல்ஸில் மலையேறும்போது விழுந்து ஒரு கால் குட்டையாகிப் போனவர். அந்தக் காலோடுதான் மியூரென் சரிவுகளில் ஆண்டுக்கணக்கில் சறுக்கினார். அன்று சறுக்கு என்றால் நார்வேக்காரர்களின் சமதள ஓட்டமும் தாவலும்தான். சரிவில் இறங்குவதை அழகுக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். லன் 1922 ஜனவரியில் மியூரென் சரிவில் ஜோடி ஜோடியாகக் கொடிகள் நட்டார். அவற்றுக்கு இடையே புகுந்து இறங்க வேண்டும். யார் சீக்கிரம் வருகிறாரோ அவருக்கே வெற்றி. இன்றைய ஸ்லாலம் இப்படித்தான் பிறந்தது. அழகை நடுவர் தீர்மானிக்க வேண்டாம், வேகமாகவும் பிசகாமலும் திரும்புகிறவனின் திருப்பம் தானாகவே அழகாகிவிடும் என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆல்பைன் சறுக்கு எனப்படும் இந்தச் சரிவுச் சறுக்கின் முதல் உலகப் போட்டி 1931இல் இங்கேதான் நடந்தது. முதல் ஆண்டிலேயே பெண்களுக்கும் தனிப் போட்டிகள் இருந்தன. 1936இல் இந்த வகைச் சறுக்கு ஒலிம்பிக்கில் நுழைந்தது.

1928இல் பதினேழு பேர் ஷில்ட்ஹார்னில் ஏறி, லௌட்டர்புருன்னென் வரை பந்தயம் வைத்து இறங்கினார்கள். லிஃப்டும் இல்லை, சீரமைத்த பாதையும் இல்லை. வென்றவருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இன்ஃபெர்னோ என்ற அந்தப் பந்தயம் இன்றும் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. இப்போது கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் தடத்தில் 1,850 பேர் இறங்குகிறார்கள். முதலிடம் பிடிப்பவர்கள் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். ஆனால் பந்தயத்தின் உயிர் அவர்களிடம் இல்லை. ஆண்டுதோறும் தவறாமல் வந்து, சென்ற முறையைவிடக் கொஞ்சம் வேகமாக இறங்கிவிட்டுப் போகிற சாதாரண மனிதர்களிடம் இருக்கிறது.

உச்சியிலுள்ள சுழலும் உணவகத்தை 1969இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் உலகறியச் செய்தது. கூட்டம் அதைப் பார்க்கத்தான் வருகிறது. என்னைக் கேட்டால் எதிரே பாருங்கள் என்பேன். பள்ளத்துக்கு அப்பால் ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. மியூரென் அவற்றுக்கு மேற்கே இருப்பதால் மாலை வெயில் முழுக்க அந்த முகங்களில்தான் விழுகிறது. ஊர் நிழலுக்குள் போன பிறகும் நெடுநேரம் அவை செம்மையாக இருக்கும்.

குறைகளும் உண்டு. புதிதாகக் கற்பவர்களுக்கு இங்கே இடம் குறைவு; பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் வெங்கென் அவர்களுக்குப் பொருத்தம். காற்று பலத்தால் உச்சி லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். தங்கும் செலவு சுவிட்சர்லாந்துக்கே உரிய செலவு. இரவுக் கேளிக்கை தேடுபவர்களுக்கு ஏமாற்றம்தான், ஒன்பது மணிக்கே ஊர் அடங்கிவிடும்.

போக நினைப்பவர்கள் இன்ஃபெர்னோ வாரத்தைத் தவிர்த்து, பிப்ரவரி பள்ளி விடுமுறைக் கூட்டமும் வடிந்தபின் மார்ச் முதல் பாதியில் போங்கள். சறுக்கத் தெரியாதவர்களும் தயங்க வேண்டாம். நடப்பவர்களுக்கென்றே பனியில் தனிப் பாதைகள் போட்டு வைத்திருக்கிறார்கள். க்ரூட்ஷால்பில் ரயில் ஏறும்போது இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.