சேரியைச் சுற்றிக் காட்டுகிறவர்கள்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சுற்றுலா வேனில் ஒருமுறை உட்கார்ந்து, வழிகாட்டி பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். பாம்பன் பாலம் வரும்வரை அவருக்குப் பேச்சே கிடையாது. பாட்டைப் போட்டுவிட்டு முன்சீட்டில் கண்ணசருவார். பாலம் வந்ததும் எழுந்து மைக்கைப் பிடிப்பார். 1914இல் வெள்ளைக்காரன் கட்டிய பழைய பாலம், 2025இல் திறந்த புதுப்பாலம், அப்புறம் கோயில், இருபத்திரண்டு தீர்த்தம், கடைசியாகத் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல், ரயிலோடு கடலில் போன சனம், இடிந்து நிற்கிற சர்ச். 'இது பேய் நகரம்' என்பார். அந்தப் பேய் நகரத்தில் கொட்டகை போட்டு மீன்பிடித்தும் பாசி, சங்கு விற்றும் ஆட்கள் பிழைக்கிறார்கள் என்பது, பாசிமணிக்குப் பேரம் பேசும்போதுதான் வந்தவர்களுக்கு உறைக்கும்.

வழிகாட்டி கண்ணசந்த நேரத்தில்தான் வேன் மண்டபம் முகாமைத் தாண்டியிருக்கும். சிலோன் தோட்டத்துக்குக் கூலியாகப் போன சனத்தை நிறுத்திவைத்து, நோய் நொடி இருக்கிறதா என்று சோதித்துக் கப்பலுக்கு அனுப்பிய இடம் அது. போனவர்களில் மிகப் பலர் பள்ளர், பறையர், அருந்ததியர். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று அவர்களைக் கேட்காமலே முடிவு செய்தார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களும் இதே முகாமில்தான் இறங்கினார்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களுக்கும் இதே முகாம்தான். புயலும் ஒப்பந்தமும் ஒரே வருஷம், இரண்டு மாத இடைவெளி. வழிகாட்டிக்குப் புயல் தெரியும். ஒப்பந்தம் தெரியாது. புயலுக்குச் சாதி கிடையாது, அதனால் புயலைச் சொல்லிவிடலாம்.

எம்.ஏ. தமிழில் எங்களுக்குக் கவிதையை, நாவலை, கல்வெட்டைப் பிரதியாக வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வழிகாட்டியின் பேச்சையும் அப்படி வாசிக்கச் சொல்லித் தரவில்லை. ஒரு நாவலைப் படிப்பவர்களைவிட அதிகம் பேர் இந்தப் பேச்சைக் கேட்கிறார்கள். ஒரு நிலத்தை யார் கண்ணால் பார்க்க வேண்டும், எங்கே திரும்பிப் பார்க்க வேண்டும், எங்கே தூங்கலாம் என்று தீர்மானிப்பது இந்தப் பிரதிதான். இதன் மௌனம் எங்கே விழுகிறது என்று பார்ப்பது விமர்சனத்தின் வேலை. இந்த மௌனத்தை நான் முழுசாகக் கேட்டது நம்ம கடற்கரையில் அல்ல. பம்பாய் தாராவியில், காசு கட்டி.

தாராவிக்கும் எனக்கும் ஒரு கொடி உண்டு. 1957இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டு, முதுகுளத்தூர்ப் பக்கமெல்லாம் தீ வைத்த நாட்களில், என் தாத்தாவின் தம்பி ஊரைவிட்டுப் போனார். மதராஸ் போய், அங்கிருந்து பம்பாய். தாராவியில் ஒரு தோல் ஷாப்பில் வேலை. அங்கே அவருக்கு முன்னாலேயே திருநெல்வேலிச் சனம் இருந்தது. திருநெல்வேலித் தமிழ் முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் ஷாப்புகளைப் போட்டார்கள். சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை பார்க்க ஆதிதிராவிடர்கள் போனார்கள். சின்னத்தாத்தா இறந்துவிட்டார். அவர் மகள், எனக்கு அத்தை முறை, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். விடியக்காலம் மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிக்கிறார். மகன் சைக்கிளில் வைத்து விற்றுவருகிறான்.

போன வருஷம் ஒரு கருத்தரங்கத்துக்காகப் போனவள், அத்தை வீட்டுக்குப் போகும் முன்னால், இந்தச் சுற்றுலா என்னதான் காட்டுகிறது என்று பார்த்துவிடலாமே என்று ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கட்டிச் சேர்ந்தேன்.

ஏழைத் தெருவை வேடிக்கை பார்க்கிற வழக்கம் புதுசில்லை. 1880களிலேயே லண்டன் பணக்காரர்கள் ஈஸ்ட் எண்டுக்குப் போய்ப் பார்த்துவந்தார்கள். 1990களில் பிரேசிலின் ரியோ நகரத்துச் சேரிகளுக்கும் தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவுக்கும் வேன் ஓடியது. தாராவியில் 'ரியாலிட்டி டூர்ஸ்' 2005இல் தொடங்கியது. படம் எடுக்கக் கூடாது என்று விதி வைத்து, லாபத்தில் 80 விழுக்காட்டைப் பள்ளிக்கூடம் போன்ற காரியங்களுக்குத் தருவதாக அறிவித்த நிறுவனம் அது. அதைப் பார்த்து இன்னும் பல குழுக்கள் கிளம்பின. 2019இல் ட்ரிப்அட்வைசரின் பயணிகள் பட்டியலில் தாராவிச் சுற்றுலா தாஜ்மகாலையே முந்திவிட்டது. நான் போனது வேறொரு சின்னக் குழுவோடு. அதன் பேர் இங்கே தேவையில்லை.

நாங்கள் ஏழு பேர். நாலு வெளிநாட்டார், சென்னையிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, நான். வழிகாட்டி தாராவியிலேயே பிறந்த தமிழ்ப் பையன். இங்கிலீஷ், இந்தி, மராத்தி எல்லாம் பொழிகிறான். முதல் வார்த்தையே, 'இங்கே பிச்சைக்காரர்களைப் பார்க்க மாட்டீர்கள், உழைப்பாளிகளைத்தான் பார்ப்பீர்கள்' என்றான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை உடைத்து, கழுவி, உருக்குவதைக் காட்டினான். தோல் பை, பெல்ட் தைக்கிற இடத்தைக் காட்டினான். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடாவைக் காட்டினான். வெயிலில் அப்பளம் காயப்போடுகிற பெண்களைக் காட்டினான். தாராவியின் ஆதிக்குடிகளான கோலி மீனவர்களைப் பற்றி இரண்டு வரி சொன்னான். 'ஸ்லம்டாக் மில்லியனர்' பேச்சு வந்தது. 2018இல் வந்த, தாராவித் தமிழர்களை வைத்தே ரஞ்சித் எடுத்த 'காலா' பேச்சு எழவில்லை.

ஒவ்வொரு இடத்திலும் அவன் சொன்ன சொற்களை நோட்டில் குறித்துக்கொண்டே போனேன். உழைப்பு, திறமை, தொழில் முனைவு, ஒற்றுமை, சந்தோஷம். இரண்டரை மணி நேரத்தில் சாதி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

தோலைத் தொட்டவன் ஏன் அந்தச் சாதிக்காரனாகவே இருந்தான்? சக்கரத்தில் மண் வனைகிறவன் ஏன் குயவனாகவே இருக்கிறான்? குப்பையைப் பிரிக்கிற கை யாருடைய கை? வேலைப் பிரிவினை என்ற பேரில் வேலை செய்கிற ஆட்களையே மேலும் கீழுமாகப் பிரித்து வைப்பதுதான் சாதி என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோதே காட்டிவிட்டார். அவர் குடியிருந்த ராஜகிருகம் தாராவியிலிருந்து எட்டிப்போகிற தூரத்தில், தாதரில் இருக்கிறது. ஆனால் அவர் கேட்ட கேள்வி இந்தச் சந்துக்குள் வரவில்லை. சந்துக்குச் சந்து சாதி மாறுகிறது. வழிகாட்டி அதைத் 'தொழில் மாறுகிறது' என்று மொழிபெயர்க்கிறான்.

அப்புறம்தான் அந்தச் சந்து வந்தது. 'இது இட்லி ஏரியா, தென்னிந்தியர்கள் ரொம்பக் கடின உழைப்பாளிகள்' என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கொப்பரையை விளக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். என் அத்தை.

"ஏத்தா, நீ என்னாத்தா இவுகளோட வர்ற?"

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தேன். காலையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர் வாசலில் நிற்கிறேன். அத்தைக்கு அதெல்லாம் பெரிசாகத் தெரியவில்லை. விருந்தாளி வந்துவிட்டாள், அவ்வளவுதான். "மிச்சம் கொஞ்சம் இட்லி கெடக்கு. வந்துருக்கவுகள எல்லாம் ஆளுக்கு ரெண்டு சாப்புட்டுப் போகச் சொல்லுத்தா" என்றார்.

வழிகாட்டி நயமாக மறுத்தான். சுற்றுலாவில் வெளியே எதுவும் சாப்பிடக் கூடாதாம், வயிற்றுக்கு ஆகாதாம், கம்பெனி விதியாம். வெள்ளைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சென்னைக்காரர்கள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடித்தார்கள். நான் நின்றபடியே இரண்டு இட்லி தின்றேன். எல்லாரும் நான் தின்று முடிக்கக் காத்திருந்தார்கள். அப்போது வழிகாட்டி மலர்ந்த முகத்தோடு சொன்னான்: 'பார்த்தீர்களா, தாராவி முழுக்க ஒரே குடும்பம்.' அதுவரை பார்க்கிறவளாக இருந்த நான் அந்த நிமிஷத்தில் காட்டப்படுகிறவளாக ஆனேன். அதன் கூச்சம் இன்னும் போகவில்லை. காட்டப்பட்டதற்காகக் கூச்சப்படவில்லை. அதுவரைக்கும் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேனே, அதற்காக.

அந்த விதி வயிற்றுக்காகப் போட்டது என்பதை நம்புகிறேன். ஆனால் நம்ம வீட்டுத் தண்ணியைக் குடிக்காமல் போனவர்களைப் பார்த்து வளர்ந்த சனத்துக்கு, திருப்பி அனுப்பிய இட்லி வெறும் வயிற்றுச் சமாச்சாரமாகத் தெரியாது. ஊர் – சேரி என்று பிரித்துப்போட்ட இந்த நாட்டில் நடப்பதற்கே ஒரு சட்டம் இருந்தது. ஊர்த்தெருவில் நாம் செருப்புப் போட்டு நடக்க முடியாது. சேரிக்குள் அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆள் கூப்பிட வரலாம், போலீசாக வரலாம், ஓட்டுக் கேட்டு வரலாம், கணக்கெடுக்க வரலாம். இப்போது டிக்கெட் வாங்கியும் வரலாம். மலபார் ஹில்லில் யாருடைய அடுப்படி வாசலிலும் ஏழு பேரை நிறுத்தி, 'இவர்கள் எப்படிச் சம்பாதித்தார்கள் தெரியுமா' என்று யாரும் சொல்லிக் காட்டுவதில்லை.

அந்தப் பையனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். சுற்றுலா முடிந்ததும் டீக்கடையில் நிறுத்திக் கேட்டேன். "எங்கப்பாவும் தோல் வேலதான்க்கா. கேட்டா சொல்லுவேன். யாரும் கேக்குறதில்ல. நானாச் சொன்னா மூஞ்சி மாறுது, ரேட்டிங் கொறஞ்சுருது" என்றான். அவன் வேலைக்கும் அவன் தங்கச்சி காலேஜ் பீஸுக்கும் அந்த ரேட்டிங்தான் கதி. ஆக, தான் யார் என்பதை மறைத்தால்தான் தன் தெருவைக் காட்ட முடியும் என்ற நிலைமை. எழுதப்படாத அந்தப் பிரதியை எழுதியது அவன் இல்லை, கேட்க வந்த காதுகள்.

நல்லது எதுவும் இல்லையா என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. சேரி என்றாலே திருட்டு, சாராயம், நாற்றம் என்று காட்டிய சினிமாக்களுக்கு நடுவில், இங்கே வேலை நடக்கிறது என்று சொல்வதே ஒரு பதில்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாதியை எடுத்துவிட்டு உழைப்பை மட்டும் புகழ்ந்தால் அந்தப் புகழ்ச்சி யாருக்குப் பயன்படும்?

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. 80 விழுக்காடு அவர்கள் பங்கு, 20 விழுக்காடு மகாராஷ்டிர அரசின் பங்கு. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததற்கு அத்தாட்சி உள்ளவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, அதுவும் வாடகை கட்டிக் கட்டி வாங்கிக்கொள்கிற முறையில். அத்தை இரும்பு ஏணி ஏறிப் போகிற மேல்தளத்தில் இருக்கிறார். அடுப்பு மட்டும்தான் கீழே.

சாயங்காலம் அத்தை வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். "எங்கிட்டோ தூரமாக் குடுப்பாகளாம். அங்கிருந்து மூணு மணிக்கு அவிச்சு யாருக்குத்தா விக்க?" என்றார். இதற்குச் சுற்றுலாவின் மொழியில் பதில் தயாராக இருக்கிறது: உழைப்பாளிகள், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள். 'எவ்ளோ பாசிட்டிவா இருக்காங்க' என்று சென்னைப் பெண் காலையில் வியந்ததும் இதே மொழிதான். முதுகுளத்தூரில் வீடு எரிந்ததால் வந்தவர்கள் என்று சொன்னால், மறுபடி கிளப்பிவிடுகிறோமே என்று ஒரு கேள்வியாவது எழும். சும்மா உழைக்க வந்தவர்கள் என்று சொன்னால் எழாது. சாதியைச் சொல்லாமல் விடுவது நாகரிகத்துக்காக இருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்ட இடத்தில் புல்டோசர் நுழைந்துவிடுகிறது.

ஊர் திரும்பும்போது ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். சுற்றிக் காட்டுவதே கூடாது என்று எனக்குப் படவில்லை. யார் எழுதிய பேச்சோடு காட்டுவது என்பதுதான் கேள்வி. சிறுகதை, கவிதை, தன்வரலாறு என்று எழுதிவிட்டோம். நம் தெருக்களின் வழிகாட்டிப் பேச்சை இன்னும் எழுதவில்லை. அதை அந்தப் பையனைப் போன்றவர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும். தோல் தொட்டியில் இறங்கியவர் யார், ஏன் இறங்கினார், எந்த வருஷம் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அதில் இருக்க வேண்டும். மூஞ்சி மாறினால் மாறட்டும்.

முதலில் நம்ம கடற்கரையிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். வருகிற டிசம்பரில் இருபது மாணவர்களை மண்டபத்துக்குக் கூட்டிப்போகப் பேசியிருக்கிறோம். வேனைப் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். சாப்பாடு முகாமில் குடியிருக்கிறவர்கள் யாராவது சமைத்துக் கொடுத்தால், காசு கொடுத்து வாங்கி அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவது என்று முடிவு.