மூன்று நூல் சதுரம்

சாக்கெட் வாங்கப் போனால் கடைக்காரர் அறுகோணப் பக்கத்தைத்தான் நீட்டுவார். பத்தா, பன்னிரண்டா, பதினான்கா என்று கேட்பார். நான் அதை வாங்கித் திருப்பிப் பார்ப்பேன். மறுபக்கத்தில் சின்னதாக ஒரு சதுரத் துளை இருக்கும். ராட்செட்டின் முனை போய் உட்காரும் இடம் அது. டிரைவ் என்பது அந்தச் சதுரத்தைத்தான். நட்டைப் பிடிப்பது அறுகோணத்தின் வேலை. அந்த நட்டின் மேல் எவ்வளவு பலம் போகலாம் என்று வரம்பு கட்டுவது சதுரத்தின் வேலை. தன் காரைத் தானே பார்த்துக்கொள்கிறவரின் பெட்டியைத் திறந்ததும், எந்தச் சதுரம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் அவர் கை எப்படிப்பட்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கார் வேலைக்கு மூன்று சதுரங்கள் போதும். கால் இஞ்சு, 3/8 இஞ்சு, அரை இஞ்சு. ஆசாரிமார் கணக்கில் இரண்டு நூல், மூன்று நூல், நான்கு நூல். நட்டுகளெல்லாம் மில்லிமீட்டருக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சதுரம் மட்டும் இஞ்சிலேயே நிலைத்துவிட்டது. அதனால்தான் ஜலந்தரில் அடித்த 12 மி.மீ. சாக்கெட்டும் ஜெர்மனியில் அடித்த 13 மி.மீ. சாக்கெட்டும் ஒரே ராட்செட்டில் ‘டக்’கென்று உட்காருகின்றன. வேறு வேறு நாடு, வேறு வேறு ஆலை, வேறு வேறு தலைமுறை என்றாலும் அந்தப் பொருத்தம் மாறுவதில்லை. கைக்கருவிகளில் இதைப் போல எனக்கு நிறைவு தருவது வேறொன்றில்லை.

இந்த மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரியது. ஒரு தண்டு முறுக்கைத் தாங்கும் வலிமை அதன் பக்க அளவின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். கால் இஞ்சிலிருந்து அரை இஞ்சுக்குப் போனால் சதுரத்தின் பக்கம் இரண்டு மடங்குதான், வலிமையோ எட்டு மடங்கு. 3/8 அவற்றின் நடுவில் நிற்கிறது. கால் இஞ்சைப்போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு தாங்கும். கைப்பிடியின் நீளமும் இதற்கு ஏற்பவே அமையும். கால் இஞ்சு ராட்செட் ஒரு சாண்கூட இருக்காது. 3/8 ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். அரை இஞ்சு 25-ஐத் தொடும்.

அந்த நீளத்தில்தான் பதம் இருக்கிறது. எஞ்சின் மேல்மூடி, ஏர் ஃபில்டர் பெட்டி போன்ற இடங்களில் வரும் 10 மி.மீ. தலை போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மரை 6 மி.மீ. தடிமன்தான். பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கினால் போதும். 15 சென்டிமீட்டர் கைப்பிடியில் இந்த இறுக்கத்தைக் கொடுக்க ஏழு கிலோ எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும். ஏழு கிலோவைக் கை நன்றாக உணரும். போதும் என்று மணிக்கட்டே சொல்லிவிடும். அதே போல்ட்டில் ஏறக்குறைய ஒரு முழ நீளமுள்ள, 45 சென்டிமீட்டர் பிரேக்கர் பாரைப் போட்டால் இரண்டேகால் கிலோ போதும். அது கைக்கு ஒரு பொருட்டே அல்ல. இறுகுகிறதா, இன்னும் போகுமா என்று விரல் யோசிப்பதற்குள் அலுமினிய மரை பொடிந்து போல்ட்டோடு வந்துவிடும். பாகில் கம்பிப் பதம் பார்க்கிறவர் இரண்டு விரலால்தான் பார்ப்பார். சிறிய டிரைவ் நமக்கு அந்த இரண்டு விரலைத் தருகிறது.

வீல் நட்டில் கணக்கு தலைகீழாகும். மாருதி கார்களில் பெரும்பாலும் 19 மி.மீ., ஹூண்டாய், டொயோட்டாவில் 21. இறுக்கம் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். கால் இஞ்சுக் கைப்பிடியில் இதற்கு 68 கிலோ அழுத்தம் வேண்டும். அதற்கு முன்பே சதுரம் முறுக்கிக்கொள்ளும், கை வழுக்கி மட்கார்டில் மோதும். நீண்ட பாரில் 23 கிலோ போதும். அரை இஞ்சுச் சதுரம் இங்கேதான் தன் தகுதியைக் காட்டுகிறது. துருப்பிடித்த நட்டு முதல் கால் சுற்றுக்கு இளகும்போது எழும் ஒரு சத்தம் உண்டு, உலர்ந்த கதவு திறப்பதைவிடக் கூர்மையானது. நீண்ட பாரைச் சீராக, குதிக்காமல் அழுத்தியவருக்கே அது கேட்கும்.

ஆக, எதை முதலில் வாங்குவது என்று யார் கேட்டாலும் என் பதில் 3/8 தான். அரை இஞ்சுப் பெட்டியை முதலில் வாங்கும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. கனமாக இருந்தால் உறுதி என்ற நம்பிக்கை. ஆனால் வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலைகளில் பெரும்பகுதி, அதாவது ஆயில் மாற்றுவது, பிளக் கழற்றுவது, ஆல்டர்னேட்டர் பெல்ட்டைத் தளர்த்துவது எல்லாம் 3/8-இன் எல்லைக்குள் வந்துவிடும். டொயோட்டாவின் பல எஞ்சின்களில் ஆயில் டிரெயின் போல்ட் 14 மி.மீ., ஹோண்டாவில் 17. இரண்டுக்குமே 40 நியூட்டன் மீட்டரைத் தாண்டத் தேவையில்லை. இந்த அளவு இறுக்கத்துக்கு 3/8 கைப்பிடி கையோடு பேசும். அரை இஞ்சு ஊமையாக இருக்கும்.

அறுகோண அளவுகளுக்கு வருவோம். இங்கே காரின் பிறந்த ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே தடிமன் மரைக்கு ஜப்பானியர் தலையைச் சிறிதாக வைப்பார்கள், ஐரோப்பியர் பெரிதாக வைப்பார்கள். 8 மி.மீ. மரைக்கு ஜப்பானில் 12 தலை, ஐரோப்பாவில் 13. 10 மி.மீ. மரைக்கு ஜப்பானில் 14, ஐரோப்பாவில் 16 அல்லது பழைய வழக்கப்படி 17. மாருதி, டொயோட்டா, ஹோண்டா வைத்திருப்பவர் 8, 10, 12, 14, 17, 19, 21 என்று ஒரு வரிசையிலேயே காலம் தள்ளலாம். கொரியக் கார்களும் ஏறக்குறைய இதே வழி. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவருக்கு 13, 16, 18 இல்லாமல் ஆகாது. அவர்களுக்கு வீல் நட்டே கிடையாது, 17 மி.மீ. தலையுள்ள வீல் போல்ட்தான்.

இரண்டு ஊரும் ஒரே வண்டியில் சந்தித்ததும் உண்டு. மாருதி ஸ்விஃப்ட் டீசலின் பெயர்ப்பலகை சுசுகி, உள்ளே துடித்தது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட். பாடியைச் சுற்றி 12-ம் 14-ம் போதுமாக இருக்கும். எஞ்சினுக்குள் கை வைத்ததும் 13 கேட்கும். பானெட்டைத் திறந்து சாக்கெட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த எஞ்சினின் பூர்வீகம் தானாகவே விளங்கிவிடும். எனக்கு அந்தக் காரின் மேல் பிரியம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்பாசடர் இன்னும் தள்ளி நிற்கும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி வந்த அந்த வண்டி 2014 வரை உருண்டு வெளிவந்தது. பழைய வண்டிகளில் தலைகள் இஞ்சுக் கணக்கு. அரை இஞ்சுத் தலை என்றால் 12.7 மி.மீ. அதில் 13 போட்டால் உட்காரும், ஆனால் ஆடும். அந்த 0.3 மி.மீ. இடைவெளி ஒரு தலைமயிரின் தடிமனைவிடச் சில மடங்குதான் அதிகம். துருவேறிய நட்டில் மூலைகளை மழுக்கித் தலையை உருண்டையாக்க அது போதும். 3/4 இஞ்சுத் தலை 19.05 மி.மீ. என்பதால் 19 சில வேளை போய்விடும். மற்றவற்றில் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. அம்பாசடர் வைத்திருப்பவர் இஞ்சு சாக்கெட்டுகளைத் தனிப் பெட்டியில் வைத்திருப்பதுதான் அந்த வண்டிக்குச் செய்யும் மரியாதை.

சாக்கெட்டின் வாயைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல சாக்கெட்டில் அறுகோணத்தின் ஆறு மூலைகளும் கூர்மையாக இருக்காது. உள்ளே சற்று வளைத்துக் குடைந்திருக்கும். அதனால் பலம் நட்டின் மூலையில் விழாமல் அதிலிருந்து சற்றுத் தள்ளி, தட்டையான பக்கத்தில் விழும். மூலை மழுங்காது. அடுத்து விளிம்பு. நட்டு சுலபமாக நுழைய வாய் ஓரத்தில் சாய்வாகச் சீவியிருப்பார்கள். அந்தச் சாய்வு அதிகமானால் மெலிந்த தலையுள்ள போல்ட்டில் பிடிமானம் பாதியாகிவிடும். சுவர் தடிமன் சீராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் துளை நடுவில் இல்லை என்று அர்த்தம். ஜப்பானின் கோ-கென் சாக்கெட்டுக்கென்றே பெயர் பெற்ற நிறுவனம். அவர்கள் பொருளின் வாயைப் பார்த்துவிட்டு மலிவான ஒன்றைப் பார்த்தால் வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.

ஆறு முனையா, பன்னிரண்டு முனையா என்ற கேள்விக்கு என் மனதில் சந்தேகம் இல்லை. பன்னிரண்டு முனையின் ஒரே வசதி, 30 டிகிரிக்கு ஒருமுறை பொருந்தும் என்பது. ஆட்ட இடம் இல்லாத மூலையில் ரிங் ஸ்பேனருக்கு அது பெரிய உதவி. ராட்செட்டுக்கு அந்த உதவியே தேவையில்லை. 72 பல் உள்ள ராட்செட் 5 டிகிரி அசைந்தாலே அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்ளும். எனவே சாக்கெட்டில் ஆறு முனைதான். பன்னிரண்டு முனைத் தலையுள்ள போல்ட்டுகளுக்கு மட்டும் விதிவிலக்கு.

ராட்செட்டின் பல் எண்ணிக்கை கூடக்கூட அசைவு குறையும். ஒவ்வொரு பல்லும் மெலியவும் செய்யும். நல்ல தயாரிப்பாளர், பல்லைப் பிடிக்கும் நாக்கு ஒரே நேரத்தில் பல பற்களோடு பொருந்தும்படி செய்து அந்த இழப்பை ஈடுகட்டுகிறார். காதுக்கருகே வைத்துத் திருப்பினால், மலிவானது கரகரக்கும். நல்லது நெருக்கமாக, மென்மையாகத் தட்டும்.

ஒரு கைப்பிடிக்குப் பல சாக்கெட் என்ற ஏற்பாட்டை வணிகமாக நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர்கள் ஸ்னாப்-ஆன் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசப் ஜான்சனும் வில்லியம் சைட்மனும். 1920-இல், ஐந்து கைப்பிடியும் பத்து சாக்கெட்டும் ஐம்பது ஸ்பேனரின் வேலையைச் செய்யும் என்று சொல்லி விற்றார்கள். ராட்செட்டின் முதுகில் உள்ள பொத்தானை அழுத்தினால் சாக்கெட் தானாக விழுகிறதே, அதை 1963-இல் யோசித்தவர் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற 18 வயதுப் பையன். எண்ணெய் படிந்த சாக்கெட்டை ஒரே கையால் கழற்ற முடியவேண்டும் என்பதே அவர் நோக்கம். சியர்ஸ் அந்த உரிமையை 10,000 டாலருக்கு வாங்கியது. அதன் உண்மையான மதிப்பை மறைத்தார்கள் என்று அவர் தொடுத்த வழக்கு இருபது ஆண்டு இழுத்து, 1989-இல் 82 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்தப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தும்போதெல்லாம் அந்தப் பையனை நினைத்துக்கொள்வேன்.

சாக்கெட், எக்ஸ்டென்ஷன், ராட்செட் மூன்றும் ஒன்றுகூடி வேலை செய்வதைப் பார்க்க பிளக் கழற்றுவதைவிட நல்ல இடம் இல்லை. பிளக் ஓர் ஆழ்குழிக்குள் இருக்கும். இப்போதைய பெரும்பாலான பிளக்குகளுக்கு 16 மி.மீ., பழையவற்றுக்கு 20.8. ரப்பரோ காந்தமோ பதித்த பிளக் சாக்கெட், அதன் மேல் ஆறு இஞ்சு எக்ஸ்டென்ஷன், அதன் மேல் 3/8 ராட்செட். திரும்பப் போடும்போது ராட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எக்ஸ்டென்ஷனை மட்டும் விரலால் சுழற்ற வேண்டும். முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் பிளக் மயிரிழை கீழே இறங்குவது விரலில் தெரியும். மரைகள் இரண்டும் வாய் சேர்ந்த இடம் அது. அங்கிருந்து வலப்பக்கம் போனால் சிணுங்காமல் ஏறும். கடைசி இறுக்கத்துக்குத்தான் ராட்செட். அலுமினிய ஹெட்டில் வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும்.

நூற்றெட்டு உருப்படி கொண்ட பெட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பாதிக்கு மேல் ஸ்க்ரூ டிரைவர் முனைகள்தான் எண்ணிக்கையை நிரப்பியிருக்கும். சென்னையில் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் கருவிக் கடைகளில் ஏறி இறங்கினால் சாக்கெட்டுகளை உதிரியாகவே பொறுக்கி எடுக்கலாம். 3/8-இல் உங்கள் காரின் ஊருக்கேற்ற ஆறேழு அளவும், மூன்று இஞ்சு, ஆறு இஞ்சு எக்ஸ்டென்ஷனும். அரை இஞ்சில் ஒரு பிரேக்கர் பார், வீல் நட்டின் அளவில் ஒரு சாக்கெட், ஒரு டார்க் ரெஞ்ச். ஏர் கன் பயன்படுத்துவதாக இருந்தால் அதற்கென்று தடித்த சுவருள்ள கறுப்பு இம்பாக்ட் சாக்கெட். பளபளக்கும் குரோம் சாக்கெட் அந்த அடியில் தெறித்துவிடும். உங்கள் ராட்செட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு சாக்கெட்டையும் மாட்டி, ஆட்டிப் பார்த்து, ராட்செட் முனையிலுள்ள குண்டு சாக்கெட்டின் பள்ளத்தில் விழுகிற சத்தம் கேட்ட பிறகே காசு கொடுங்கள்.

10 மி.மீ. மட்டும் மூன்று வேண்டும். பேட்டரி டெர்மினலுக்கும் எஞ்சின் மேலுள்ள சின்ன போல்ட்டுகளுக்கும் கால் இஞ்சில் ஒன்று. அதன் குட்டைக் கைப்பிடி பக்கத்து இரும்பில் பட்டுப் பொறி கிளப்பும் வாய்ப்பும் குறைவு. துருவேறிய பிராக்கெட்டுகளுக்கு 3/8-இல் ஒன்று. நட்டுக்கு மேல் மரை நீண்டு நிற்கும் இடங்களுக்கு அதே 3/8-இல் ஆழமான டீப் சாக்கெட் ஒன்று.